ஏற்றின பட்டையை இறக்கின கதை

போன ஆடியில் தாராபுரத்திலிருந்து ஒட்டன்சத்திரம் வரும் ரோட்டில், கள்ளிமந்தையத்துக்குக் கொஞ்சம் முன்னால், என் பிக்கப்பின் இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் தாரை விட்டு மண்ணில் இறங்கின. திருப்பூரில் சௌசௌவையும் மலைவாழையையும் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். வேகம் 70 இருக்கும். வலது ஓரமாக வரிசையாக வந்த புளியமரங்கள் முடிந்த இடத்தில் ஒரு காற்று வந்து அடித்தது பாருங்கள், யாரோ தோளைப் பிடித்துத் தள்ளின மாதிரி வண்டி இடப்பக்கம் நகர்ந்தது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தேன். முதலில் ஒன்றுமே நடக்கவில்லை, அப்புறம் நான் ஒடித்ததைவிட அதிகமாக ஒடிந்து போனது, திரும்ப இந்தப் பக்கம் ஒடித்தால் மறுபடி அதே கதை. மூன்று முறை நெளிந்துதான் நேரானது. எதிரில் வண்டி எதுவும் வராதது எங்கள் குலசாமி புண்ணியம். பக்கத்தில் இருந்த மச்சினன் கொஞ்ச தூரம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாக, "மாமா, எங்கயாச்சும் ஓரங்கட்டி ஒரு டீ சாப்ட்டுப் போவமா" என்றான்.

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். அந்தப் பக்கத்துக் காற்று நிஜமாகவே அப்படிப்பட்டதுதான். தென்மேற்குப் பருவக்காற்றை மேற்கு மலை மறித்து நிற்க, இந்தப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் மட்டும் திறந்து கிடக்கிறது. அந்த வாசல் வழியாகப் புகுந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று வீசுவதால்தான் அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காற்றாலையாக நிற்கிறது. ரோடு தெற்கு வடக்காகப் போகிறது, காற்று மேற்கிலிருந்து வருகிறது. ஆக திருப்பூர் போகும்போது இடது விலாவில் அடி, திரும்பும்போது வலது விலாவில் அடி. சரி, இயற்கை, என்ன செய்வது என்று விட்டிருப்பேன். ஆனால் டீக்கடையில் நின்று பார்த்தால் அதே காற்றில், என்னுடையதைப் போலவே இருக்கும் இன்னும் நாலு பிக்கப் தார்ப்பாய் படபடக்க நேராகப் போய்க்கொண்டிருந்தன. அப்போதே தெரிந்துவிட்டது, கோளாறு காற்றில் இல்லை.

நான் கொடைக்கானல் மலைப் பண்ணைக்காட்டுக்காரன். வண்டி 2016 மாடல், 2019-ல் இரண்டாம் கையாக வாங்கியது. முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் பட்டை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த இரும்புத் தகடுகளே ஸ்பிரிங். வாங்கின புதிதில் அதற்கு வேலையெல்லாம் மலைக்குள்தான். தாண்டிக்குடி, கே.சி.பட்டி, பாச்சலூர் வழியாக ஒட்டன்சத்திரம் மார்க்கெட், இல்லையென்றால் ஊத்து, டம்டம் பாறை, காட்ரோடு வழியாக வத்தலக்குண்டு. இந்தப் பாதையில் வேகம் 30-ஐத் தாண்டாது. கொண்டை ஊசி வளைவில் லோடோடு ஏறும்போது பின்பக்கம் உட்கார்ந்து டயர் உரசுகிறது என்று 2020-ல் ஒரு பட்டறையில் பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாக ஏற்றினேன். எங்கள் பக்கம் இதை எல்லாரும் செய்கிறார்கள், காதுகுத்துக்கு மொட்டை போடுகிற மாதிரி வண்டி வாங்கினால் பட்டை ஏற்றுவது. சும்மா சொல்லக்கூடாது, அதற்கப்புறம் 30 மூட்டை சௌசௌ ஏற்றினாலும் வண்டி கம்பீரமாக நின்றது. எனக்கும் பெருமைதான்.

நேரடியாகத் திருப்பூருக்கும் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கும் கொண்டுபோனால் நல்ல விலை என்று நாலுவழிச் சாலையில் ஓட்ட ஆரம்பித்ததும்தான் சிக்கல் தெரிந்தது. என்ன பெரிய வேகம், மஞ்சள் போர்டு வண்டி, வேகத்தை மட்டுப்படுத்தும் கவர்னர் இருக்கிறது, 80-க்கு மேல் நினைத்தாலும் போகாது. அந்த 80-லேயே வண்டி அலைந்தது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தாலும் வண்டி நேராகப் போகாது. கை ஓயாமல் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். திருச்சி போய் இறங்கும்போது தோள்பட்டை இரண்டும் கழன்ற மாதிரி வலிக்கும்.

வீல் அலைன்மென்ட் என்று மூன்று முறை செய்தேன். மூன்றாவது முறை திரையை நானே எட்டிப் பார்த்தேன். டோ என்று போட்டிருந்தது பச்சையாக இருந்தது, கேஸ்டர் என்று போட்டிருந்தது இரண்டு பக்கமும் சிவப்பு, இருக்க வேண்டியதைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி குறைவு. கேட்டதற்கு, "அது எல்லா பிக்கப்புக்கும் அப்படித்தாண்ணே காட்டும், கண்டுக்காதீங்க" என்றான் தம்பி. பணத்தைக் கொடுத்துவிட்டுக் கண்டுகொள்ளாமல் வந்தேன். மூன்றையும் கூட்டினால் ஒரு நல்ல டயர் காசில் பாதி.

பிறகு ஊரில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். அகல டயர் போடு என்றான் ஒருவன். அவன் வண்டியில் அகல டயர்தான் போட்டிருக்கிறான், லாரி ஓடிப் பள்ளம் விழுந்த தடத்தில் அவன் வண்டி தடம் போகிற பக்கமெல்லாம் இழுத்துக்கொண்டு போவதை நான் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். பின்னால் ஒரு ஸ்டெபிலைசர் கம்பி மாட்டு, சாயாது என்றான் இன்னொருவன். லோடோடு இருக்கும்போது அது சரி. வெறும் வண்டியாக, மழையில், ஊத்து வளைவில் திரும்பும்போது ஏற்கெனவே பிடிமானம் இல்லாத பின் சக்கரங்களை அந்தக் கம்பி இன்னும் இலகுவாகக் கிளப்பிவிடும். எனக்கு வேண்டாம் என்று விட்டேன்.

கடைசியில் போய் நின்றது ஒரு பழைய லாரி ஸ்பிரிங் பட்டறை. மேஸ்திரிக்கு எழுபது வயது பக்கம் இருக்கும். நான் கதையை ஆரம்பிக்கும் முன்பே வண்டியைச் சுற்றி ஒரு நடை வந்தார். "என்ன தம்பி, வண்டி மூஞ்சியக் குத்திக்கிட்டு நிக்கிது?" என்றார். அதுவரை எனக்கு அது மூஞ்சியைக் குத்திக்கொண்டு நிற்பதாகத் தெரியவில்லை, பின்பக்கம் கம்பீரமாக நிற்பதாகத்தான் தெரிந்தது.

அவர் விளக்கியது இதுதான். சைக்கிளின் முன் ஃபோர்க் செங்குத்தாக இருக்காது, மேலே பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வினால்தான் சக்கரம் தானாக நேர்ப்பக்கம் திரும்புகிறது, சின்ன வயதில் இரண்டு கையையும் விட்டு ஓட்டி விழுந்து எழுந்தவர்களுக்குத் தெரியும். வண்டியிலும் அதே சாய்வு முன் சக்கரத்துக்கு உண்டு, அலைன்மென்ட் திரை கேஸ்டர் என்று சொன்னது அதைத்தான். பின்பக்கத்தைத் தூக்கினால் மொத்த வண்டியும் முன்னால் குனிகிறது, கூடவே அந்தச் சாய்வும் நிமிர்ந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே சுமார் மூன்று மீட்டர். பட்டை ஏற்றியதில் பின்பக்கம் இரண்டு அங்குலம், அதாவது ஐந்து சென்டிமீட்டர் தூக்கியிருக்கிறது. மூன்று மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய ஒரு டிகிரி! மொத்தமே இரண்டு மூன்று டிகிரி இருக்கும் சாமானில் ஒரு டிகிரி போனால் ஸ்டியரிங்குக்கு நேர் எது என்றே மறந்துபோகும். மலைக்குள் 30-ல் போகும்போது இது தெரியாது, தெரியவும் வழியில்லை, ஏனென்றால் அங்கே ஸ்டியரிங் ஒரு நிமிடம்கூட நேராக இருப்பதில்லை.

அதோடு முடியவில்லை. பின் பிரேக்குக்குப் போகும் குழாயில் ஒரு வால்வு இருக்கிறது, அதிலிருந்து ஒரு கம்பி பின் ஆக்சிலுக்கு வருகிறது. லோடு ஏற்றினால் சேஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், இறங்கும், கம்பி அசையும், வால்வு பின் சக்கரத்துக்குப் பிரேக்கை அதிகம் விடும். வெறும் வண்டியென்றால் சேஸ் மேலே நிற்கும், பிரேக்கைக் குறைத்துவிடும், இல்லையென்றால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும். நான் பட்டை ஏற்றிய பிறகு 30 மூட்டை ஏற்றினாலும் சேஸ் பெரிதாக இறங்கவில்லை, வால்வு பாவம், வெறும் வண்டி என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆக, மூன்று வருடம் லோடோடு டம்டம் பாறை இறக்கத்தில் முக்கால்வாசிப் பிரேக்கையும் முன் சக்கரங்களே பிடித்திருக்கின்றன. காட்ரோடு செக்போஸ்ட்டில் நிற்கும்போதெல்லாம் ஒரு கருகல் வாடை வரும். முன்னால் போன பஸ்ஸின் வாடை என்று நினைத்திருந்தேன்.

மேஸ்திரி அடுத்து செய்ததைத்தான் நான் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். டேப்பை எடுத்து முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இடப்பக்கம் அளந்தார், சாக்பீஸால் தரையில் எழுதினார், வலப்பக்கம் அளந்தார், எழுதினார். ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம். பட்டைகளை ஒன்றாகக் கோத்து ஆக்சிலில் இடம்பிடித்து உட்காரவைப்பது நடுவில் இருக்கும் சென்டர் போல்ட். பட்டைக் கட்டு கனமான பிறகு, அதை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் யு போல்ட்டைத் திரும்ப இறுக்காமல் விட்டதில் இடப்பக்க சென்டர் போல்ட்டின் தலை தேய்ந்து, ஆக்சில் ஒரு பக்கம் பின்னால் நகர்ந்திருக்கிறது. "வண்டி கோணிக்கிட்டு ஓடிருக்கு தம்பி, மழைல ஒரு தடவ எறங்கிப் பாத்திருந்தீன்னா தெரிஞ்சிருக்கும்" என்றார். தேங்கின தண்ணீரில் நேராக ஓட்டி இறங்கித் திரும்பிப் பார்த்தால், பின் சக்கரத் தடம் முன் சக்கரத் தடத்தின் மேலேயே போகவேண்டும். இரண்டு பக்கமும் ஒரே திசையில் தள்ளிப் போயிருந்தால் ஆக்சில் கோணல். காசில்லாத அலைன்மென்ட்.

ஷாக் அப்சர்பரைப் பார்க்கவும் ஒரு வித்தை சொன்னார். கார் மாதிரி மூலையை அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பிக்கப்பில் எண்ண முடியாது, பட்டை அவ்வளவு முரடு. கல்லும் குழியுமான ரோட்டில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி, ஷாக்கை மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். வேலை செய்கிற ஷாக் சூடாக இருக்கும், ஏனென்றால் ஆட்டத்தை விழுங்கி அதைச் சூடாக்குவதுதான் அதன் வேலை. என்னுடையதில் பின்னால் இடது வெதுவெதுப்பு, வலது கிணற்றுத் தண்ணீர். கழற்றியதும் கையால் அமுக்கினால் சைக்கிள் பம்பு மாதிரி போய் வந்தது. காற்று தள்ளியபோது வண்டி மூன்று முறை நெளிந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

ஏற்றின பட்டை நாலையும் கழற்றினார். பழைய பட்டைகளை அடித்து வளைவு கொடுத்தார், புது சென்டர் போல்ட், புது யு போல்ட் (பழசைத் திரும்ப மாட்டவே கூடாதாம், இழுபட்ட மரை பிடிக்காது), பட்டையின் நுனியைச் சேஸில் தொங்கவிடும் ஷேக்கிளுக்குப் புது புஷ், பின் ஷாக் இரண்டு. முன்னால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டு ஒன்று ஆட்டம் கண்டிருந்தது, அதையும் மாற்றினோம். ஸ்டெபிலைசர் புஷ்ஷைப் பார்த்தால் ரப்பர் இருந்த இடத்தில் மண்தான் இருந்தது. பிரேக் வால்வின் கம்பியைத் திரும்ப செட் செய்தார். கூலியோடு சேர்த்துப் பதினான்காயிரத்துச் சொச்சம். 500 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து யு போல்ட்டைக் கட்டாயம் இறுக்கிக்கொள்ளச் சொன்னார், போனேன், ஒவ்வொன்றும் கால் சுற்று வாங்கியது. எல்லாம் முடிந்த பிறகுதான் அலைன்மென்ட்டுக்கு அனுப்பினார். இந்த முறை கேஸ்டர் தானாகவே பச்சைக்கு வந்திருந்தது, தம்பி திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை.

மீதி வேலை என்னிடம் இருந்தது, அதற்குப் பணம் தேவையில்லை. டயர் காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கதவோரத் தகட்டில் லோடுக்கு ஒரு அளவும் வெறும் வண்டிக்கு ஒரு அளவும் போட்டிருக்கிறார்கள். நான் வருடக்கணக்காகப் பின்னால் 65-ஐப் பிடித்துவிட்டு மறந்துவிடுவேன், வெறும் வண்டியாக வரும்போது பின் டயர் பந்து மாதிரி துள்ளும், துள்ளுகிற நேரமெல்லாம் அது தரையில் இல்லை என்று அர்த்தம். ரோட்டில் இல்லாத டயர் எப்படி வண்டியைப் பிடிக்கும்? இப்போது காற்று அளக்க ஒரு கேஜ் வாங்கி டேஷ்போர்டில் போட்டிருக்கிறேன். காலையில் பண்ணைக்காட்டுக் குளிரில் பிடித்த காற்று கீழே வெயிலில் ஐந்து பிஎஸ்ஐ வரை ஏறும். வேடிக்கை என்னவென்றால், ஆயிரம் மீட்டர் இறங்கினாலே வெளிக்காற்றின் கனம் கூடுவதால் கேஜில் ஒன்றரை பிஎஸ்ஐ குறைத்தும் காட்டும், ஆனால் சூடு அதைத் தின்றுவிடும். சூட்டில் ஏறியதை இறக்கிவிடக் கூடாது, மறுநாள் காலை குறைந்து கிடக்கும். டயர் ஓரத்தில் இருக்கும் நாலு இலக்க எண்ணையும் அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். 2317 என்றால் 2017-ஆம் வருடம் 23-ஆம் வாரம். பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள், நன்றாக இருக்கிறது என்று நான் முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த டயர் அது. ரப்பர் கருவாடு மாதிரி வெடித்திருந்தது.

லோடு ஏற்றுவதில்தான் பெரிய சண்டை. லோடுமேன்களுக்கு மூட்டையைக் கதவுப் பக்கம் அடுக்குவது சுலபம், இறக்கும்போதும் சுலபம். பின் ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் 100 கிலோ வைத்தால் முன் சக்கரத்திலிருந்து 33 கிலோ கழன்றுபோகிறது, வெறும் நெம்புகோல் கணக்கு. அப்படி ஆறேழு மூட்டை பின்னால் உட்கார்ந்தால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, ஹெட்லைட் எதிரில் வருகிறவர் கண்ணில் அடித்துக்கொண்டு, ஸ்டியரிங் வெண்ணெயாகிவிடும். சௌசௌவைக் கேபினை ஒட்டிக் கீழே அடுக்கி, மலைவாழைத் தாரை அதற்குப் பின்னால் தாழ்வாக வைக்கச் சொல்லி நானே நின்று பார்க்கிறேன். "ரொம்பத்தான் அண்ணே பண்றீங்க" என்கிறார்கள். தார்ப்பாயையும் பக்கவாட்டில் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுகிறேன், தொய்ந்த தார்ப்பாய் அந்த ஆடிக்காற்றில் பாய்மரம்தான்.

30 மூட்டை இப்போது 22 ஆகிவிட்டது. ஆர்சி புத்தகத்தில் போட்டிருக்கும் எடை அவ்வளவுதான், பட்டையைக் கூட்டினால் அந்த எண் கூடாது, ஆக்சிலும் பிரேக்கும் அப்படியேதான் இருக்கின்றன. பிடிபட்டால் 2019 திருத்தத்துக்கு அப்புறம் அபராதம் 20,000, மேற்கொண்டு டன்னுக்கு 2,000. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், எட்டு மூட்டை வாடகை போனது இடிக்கத்தான் செய்கிறது. மண்டிக்காரர் இரண்டு வாரம் முகத்தைத் தூக்கிவைத்திருந்தார். டீசலும் டயரும் கொஞ்சம் மிச்சமாகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், எட்டு மூட்டைக்கு ஈடாக இல்லை.

இந்த ஆடியிலும் அதே ரோட்டில் வந்தேன். புளியமர வரிசை முடிகிற இடம் எனக்கு இப்போது மனப்பாடம், முன்கூட்டியே 60-க்கு இறக்கிவிட்டேன். காற்று அடித்தது, வண்டி ஒரு சாண் நகர்ந்தது, விரலால் கொஞ்சம் பிடித்ததும் நேராகிவிட்டது. மச்சினன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான், எழுப்பிக் காட்டலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன்.

கழற்றின நாலு பட்டையையும் மேஸ்திரி எடைக்குப் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று வண்டியிலேயே போட்டுக்கொண்டு வந்து ஊரில் ஆசாரியிடம் கொடுத்தேன். வண்டிப் பட்டை இரும்பில் அடித்த அரிவாள் முனை மழுங்காது என்று அப்பா காலத்திலிருந்தே பேச்சு. இரண்டு பட்டையில் ஐந்து அரிவாள் அடித்துக் கொடுத்தார். மலைவாழைத் தார் ஒரே வெட்டில் இறங்குகிறது. மீதி இரண்டு பட்டை கொட்டகையில் கிடக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா, "அதையும் அடிச்சிரு, இல்லாட்டி திரும்ப வண்டில மாட்டுவ நீ" என்கிறாள்.